அறுபது வரை

இறந்துபோன காவலர் தளவாய்க்கு மரியாதையாக மூன்று முறை வானத்தை நோக்கிச் சுட்டார்கள். மூன்றாவது முறை சுயம்புவின் துப்பாக்கி வெடிக்கவில்லை. மற்ற துப்பாக்கிகள் சேர்ந்து முழங்கியதில் அது யாருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற ஜெபராஜைத் தவிர.

“அண்ணாச்சி, ஒங்களது வெடிக்கலயே.”

“பேசாம நில்லுலே.”

பெரிய போர் ஒன்றைப் பார்த்த பழைய ராணுவத் துப்பாக்கி அது. வெடிக்காத தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். குழலை மேலே பிடித்தபடி அறுபது வரை எண்ண வேண்டும். தோட்டாவில் குண்டு இல்லைதான். ஆனால் அதன் வெறும் நெருப்பே, குழல் முனையில் வைத்த பூசணிக்காயைச் சிதறடித்ததைப் பயிற்சியில் பார்த்திருக்கிறார்.

ஒன்பது எண்ணியபோது துக்க மரியாதைக்கான உத்தரவு வந்தது. எல்லோரும் துப்பாக்கியைத் தலைகீழாக்கி, குழல் முனையை இடது பூட்ஸின்மேல் ஊன்றித் தலை குனிந்தார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் சுயம்புவின் கைகளும் அதையே செய்துவிட்டன. பியூகிள் ஒலிக்கத் தொடங்கியது. இனி அசையக் கூடாது. பதினாறு. பதினேழு. வியர்வை கன்னத்தில் வழிந்து தாடையிலிருந்து சொட்டியது.

தளவாயின் தங்கை அதைப் பார்த்துவிட்டாள். பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“நீங்க ஒருத்தராவது எங்கண்ணனுக்காக அழுதீங்களே” என்று சொல்லி, குழல் முனையை ஒட்டி அந்த பூட்ஸின்மேல் கன்னத்தைச் சாய்த்தாள்.

தள்ளிப் போம்மா என்று சொல்ல வாயைத் திறந்தார். விம்மல் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அவள் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இருபத்திரண்டு.