சாவி கொடுத்த ரயில்

சக்கரம் தானாகச் சுற்றியது.

அவர் பதறிப்போய்க் கட்டைவிரலால் அமுக்கினார். சுற்றுவது நின்றது. ஆனால் விரலுக்கடியில் அது முட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளங்கையில் அடங்கும் பொம்மை எஞ்சின். தகரம். பச்சைச் சாயம் பாதி உதிர்ந்திருந்தது. காலையிலிருந்து அதன் பல்சக்கரங்களில் மண்ணெண்ணெய் விட்டுத் துருவை ஊறவைத்துக்கொண்டிருந்தார். பிரேக் கம்பி இறுகிக் கிடந்தது. லேசாக அசைத்துப் பார்த்தார். கம்பி பொடிந்து கையோடு வந்துவிட்டது.

அவ்வளவுதான். ரயில் கிளம்பிவிட்டது.

இத்தனை வருஷமாகப் பழைய பொம்மை ரயில்களைப் பிரித்து மாட்டுகிறவர் செய்கிற காரியமா இது? எதைத் தொடுவதற்கும் முன்னால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறுக்கேறிய வில் துள்ளினால் கையைக் கிழித்துவிடும். தன் ரயில்களையும் அப்படித்தான் வைத்திருந்தார். ஓடி முடித்து, முறுக்கெல்லாம் இறங்கிய பிறகே அலமாரிக்குள் வைப்பார். முறுக்கோடு வைத்தால் வில் சோர்ந்துபோகும். அந்த விஷயத்தில் மனிதர் படு கறார்.

இந்த எஞ்சினுக்குச் சாவியே இல்லை. சாவி இல்லாத வண்டியில் முறுக்கு எங்கிருந்து வரும் என்று அசட்டையாக இருந்துவிட்டார்.

எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

போன வாரம் பொன்மலையிலிருந்து இதைத் துணிப்பையில் கொண்டுவந்தவர் அமலோற்பவம் டீச்சர். எழுபதைத் தாண்டியவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார்.

“என் தம்பியோடது சார். ‘அக்கா, ரயில் ஓடப்போகுது, வந்து பாரு’ன்னு கூப்பிட்டான். நான் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். அப்புறம் வர்றேன்டான்னுட்டேன்.”

அன்று சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல். அந்த வாரமே போய்விட்டான். எட்டு வயது. அம்மா ரயில் சாவியை அவன் கையிலேயே வைத்துப் புதைத்தாராம். ரயிலை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாராம். அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு தடவை அது ஓடுவதைப் பார்த்தால் போதும் என்று கேட்டுக்கொண்டுதான் டீச்சர் படியிறங்கினார்.

அப்படியானால் இந்த முறுக்கு அந்தப் பையன் கொடுத்தது. சாவியைத் திருகியிருக்கிறான். அக்கா வரட்டும் என்று பிரேக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறான்.

விரலை முட்டிக்கொண்டிருப்பது அவன் கைபலம்.

கட்டைவிரலை எடுத்தால் அரை நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும். பார்க்க இவர் மட்டும்தான். பிறகு புதுச் சாவி வெட்டி, ஓடவைத்துக் கொடுத்தால் டீச்சருக்குத் தெரியவா போகிறது?

தெரியாது. இவருக்குத் தெரியுமே.

“இங்க யாராவது வாங்களேன்!”

வாய்விட்டே கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கோவையில். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். ஒரு வண்டி நன்றாக ஓடுகிறது, வந்து பாரேன் என்பார். வர்றேன்பா என்பாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, தலைக்கு மேல் வேலை. தகரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர் என்பது எதிர்வீட்டில் அவருக்கு வைத்த பட்டம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எஞ்சினைப் பிடித்தபடியே சமையலறைக்குப் போனார். இடது கையால் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். பல்லால் கடித்து ஒடித்தார். பல்சக்கரங்களுக்கு நடுவே சொருகினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை எடுத்தார்.

ஓடவில்லை.

டீச்சருக்குப் போன் போட்டார். உடனே வாங்க டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் ஆட்டோ பிடித்து வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, தரையில்.

முறுக்கு இன்னும் உள்ளேயே இருக்கிறது என்றார் அவர். யார் கொடுத்த முறுக்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் அந்த ஈர்க்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகப் போய்ப் பின்னலைத் தேடியது. நரைத்த கொண்டையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

பிறகு தலையசைத்தார்.

அவர் எஞ்சினைத் தரையில் வைத்துக் குச்சியை உருவினார்.

ரயில் கிளம்பியது. மொசைக் தரையில் கரகரவென்று, கொஞ்சம் கோணலாக ஓடியது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தது. டீச்சரின் புடவை ஓரத்தில் மோதியது. இரண்டு தடவை உந்திப் பார்த்தது. ஓய்ந்தது.

“வந்துட்டேன்டா,” என்றார் டீச்சர்.

இவருக்கு அழுகை வந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக் கையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பிரேக்கைச் சரிசெய்து, புதுச் சாவியும் வெட்டித் தருகிறேன் என்றார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். ரயிலைத் துணிப்பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

வீடு பழையபடி ஆனது.

வெகுநேரம் கழித்து அலமாரியைத் திறந்தார். சிவப்பு எஞ்சினை எடுத்தார். மகளுக்குப் பிடித்த நிறம் என்றுதான் அதை வாங்கியிருந்தார். அவள் இன்னும் பார்த்ததில்லை.

சாவியைப் போட்டுத் திருகினார். இனித் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினார்.

தரையில் வைக்கவில்லை.

பிரேக்கைப் போட்டார். முறுக்கு இறங்காத எஞ்சினை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தினார்.