பிரிக்காத பொட்டலம்

"கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா தண்ணி?" என்றார் பெரியப்பா.

கடைக்காரர் மாதவன் பொறுமைசாலி. வேலை செய்யச் செய்ய ப்ராசசர் சூடாகும், அதைக் குளிர வைக்க இந்தக் கூலருக்குள் தண்ணி சுற்றிக்கொண்டே இருக்கும் என்று விரலால் சுற்றிக் காட்டி விளக்கினார்.

பெரியப்பா சுந்தரபாண்டி கூலரைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். ரெண்டு போர் போட்டும் சொட்டுத் தண்ணி பார்க்காத மனுசன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் முழுக்கப் பக்கத்தில் நின்ற அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதற்குள் ஒரு வாழையிலைப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

காலையில் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். திருச்சுழிக்குக் கிழக்கே இருக்கிற அவர்கள் வீட்டில், பொதுப்பணத்தில் எது செய்வதானாலும் அதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி. இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் பெரியப்பா சொல்கிற போர். வெள்ளை வந்தால் மற்றவர்கள் கேட்பது.

போன ரெண்டு தடவையும் பெரியப்பாதான் பொட்டலம் கட்டினார். ரெண்டு தடவையும் சிவப்புதான் வந்தது. போர் போட்ட இடத்தில் ரெண்டு தடவையும் புழுதிதான் பறந்தது.

இந்தத் தடவை பிள்ளை கட்டட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். கட்டினவர் எடுக்கக் கூடாது. அதனால் பெரியப்பாவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை.

வராமல் எங்கே போகும்? ரெண்டிலும் வெள்ளையைத்தான் வைத்துக் கட்டியிருந்தாள், கள்ளி.

அவளும்தான் என்ன செய்வாள்! ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறாள். பழைய லேப்டாப்பு சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் நின்றுவிடும். மாப்பிள்ளை தாலியும் கையுமாக அரைமணி நேரம் குனிந்தே இருப்பார். ஆவணி முகூர்த்தத்துக்குள் நல்ல மிசின் வாங்காவிட்டால் வேலையை மதுரைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் வீட்டில் அடுத்த பேச்சு அவள் கல்யாணம்தான்.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. சத்தமில்லாமல் கிணற்றில் போட்டுவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் அப்பா கருத்தப்பாண்டி, யார் காலிலும் பட்டுவிடக் கூடாதென்று எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போதும் அது அங்கேதான் இருந்தது. அருப்புக்கோட்டையில் இறங்கியதும், டீ குடித்துவிட்டு வாரேன் என்று அப்பா தனியாகப் போய்த் திரும்பியபோதும் அங்கேதான் இருந்தது.

மாதவன் பாட்டுக்கு மேசையில் அடுக்கிக்கொண்டே போனார். மதர்போர்டு. அறுபத்துநாலு ஜிபி ரேம். எஸ்எஸ்டி ரெண்டு. கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தார். செங்கல் தண்டி இருந்தது.

"கல்யாண வீடியோவுக்கு இதவிடச் சின்னதே போதும். பாப்பா எழுதிக் குடுத்த இந்தக் கார்டு, கேம் ஆடத்தான் சும்மா பறக்கும்."

பாவி மனுசன்! கேம் விசயத்தை அவள் வீட்டில் மூச்சுக்கூட விட்டதில்லை. சத்யபிரியாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"கேமா?" பெரியப்பா கூலரை டக்கென்று கீழே வைத்தார். "ஏலே கருத்தா, அந்தப் பொட்டலத்தப் பிரிலே."

"அண்ணே, சாமி குத்தம்ணே."

"கோயில்லதான குத்தம். இது கம்ப்யூட்டர் கடை. பிரி."

மிசின் போச்சு, வேலை போச்சு, மானமும் போச்சு. அய்யனாரே, தெரியாமல் செய்துவிட்டேன், இந்த ஒரு தடவை காப்பாற்று என்று அரிவாளோடு நிற்கிற அவரிடமே கெஞ்சினாள்.

அப்பா பொட்டலத்தை மேசைமேல், ரேமுக்குப் பக்கத்தில் வைத்து நாரை அவிழ்த்தார்.

சிவப்பு அரளி.

பெரியப்பா ஒரு பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. பிறகு வெளியே போய்க் கடைப் படியில் நின்றுகொண்டார்.

சத்யபிரியா மேசையைப் பார்த்தாள். காலையில் அவள் கட்டின இலை நடுமத்தியான வெயிலுக்கு வாடிச் சுருண்டு கிடந்தது. பூ மட்டும் பூக்காரி இப்போதுதான் தண்ணி தெளித்த மாதிரி ஈரமாக இருந்தது.

கார்டின் அட்டைப்பெட்டியைப் பார்க்க அப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். அதோடு சேர்ந்து நந்தியாவட்டை ஒன்று தரையில் விழுந்தது. அவள் சட்டென்று குனிந்து எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

"அப்பா..." என்றாள்.

"பெரிய கார்டே போடுங்க. அந்தத் தண்ணிச் சாமானும் இருக்கட்டும்," என்று மாதவனிடம் சொல்லிவிட்டு, அப்பா படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க பெரியப்பா கட்டுனப்பவும் மிச்சப் பொட்டலத்த நாந்தான எடுத்துட்டுப் போனேன். ரெண்டு தடவையும் அதுக்குள்ளயும் செவப்புதான் இருந்துச்சு, தாயி."