புகை நுழையாத அறை

பூட்டே இல்லாத கதவுக்குப் பின்னால் தலைமை நர்ஸைச் சிறை வைத்தவன் நான்தான்.

நான் வடிவமைத்த வார்டு அது. காற்றோட்டத்தைச் சரிபார்க்க வந்திருந்தேன். அறைக்குள் காற்று வரும் வழியை முழுதாகத் திறந்தேன். வெளியேறும் வழியைச் சோதனைக்காக மூடியவன், மூடியதையே மறந்துபோனேன்.

உள்ளே காற்று முட்டிக் கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் உள்ளிருந்து இழுத்தார். நான் வெளியிலிருந்து தள்ளினேன். கல்யாணத்துக்குப் பின் வளர்த்த தொப்பையும் தன் பங்குக்குத் தள்ளியது. கதவு மசியவில்லை.

கதவின் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் வீட்டில் மட்டும்தான் வாங்கியிருக்கிறேன்.

மொட்டை மாடிக்கு ஓடி, மூடியதைத் திறந்துவிட்டு வந்தேன். இப்போது கதவு ஒரு விரலுக்கே திறந்தது.

சிஸ்டர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ரெஸ்ட் போல, சிஸ்டர்?" என்று வழிந்தேன்.

"இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சீங்களா சார்?" என்றபடி எழுந்தார்.

என் மாமனாருக்கும் அதே சந்தேகம் உண்டு. எப்போது போனாலும் ஏசி ரிமோட்டை நீட்டி, "மாப்ள, இதுல குளிரே வரலையே" என்பார்.

ஆனால் இந்த அறை குளிருக்கானது அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காகப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நாளை இங்கே வருகிறான். அவன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் மிஞ்சாது. வெளிக்காற்றின் பூஞ்சைத் துகள் ஒன்று மூச்சில் ஏறினால் போதும். இன்று அறை தேறாவிட்டால் அவன் தேதி தள்ளிப்போகும். நோய் தள்ளிப்போகாது.

யார் அந்தப் பையன் என்று காலையிலேயே கேட்டேன். "பேஷன்ட்" என்றார் சிஸ்டர். அதோடு சரி.

கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்து, வெளிக்காற்று நுழைகிறதா என்று காட்டும் புகைக்குழலின் ரப்பர் குமிழை வெளியே நின்று அமுக்கினேன். வெண்புகை இடுக்கில் நுழையப் பார்த்தது. தயங்கியது. யாரோ தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பியதுபோல் என் முகத்துக்கே வந்து சேர்ந்தது. இருமித் தீர்த்தேன்.

உள்ளே போய்ப் படுக்கைக்கு மேலே புகை விட்டேன். உதறி விரித்த போர்வை இறங்குவதுபோல் சத்தமின்றி இறங்கியது. தலையணையைத் தடவிக்கொண்டு போய், கால்மாட்டுச் சுவரின் அடியிலிருந்த துளைகளுக்குள் மறைந்தது.

கணக்குப் போட்டவன் நான்தான். இருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்று, சொன்ன வழியில், சொன்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் என் பேச்சுக்கு அந்த மரியாதை இல்லை.

"இன்னொரு தடவை," என்றார் சிஸ்டர்.

விட்டேன்.

"இன்னொரு தடவை."

"போதும் சிஸ்டர், கொசு மருந்து அடிக்கிறாங்கன்னு கீழ் மாடியில ஜன்னலைச் சாத்திடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. தலையணைக்கு மேல் கையை நீட்டினார். புகை விரல்களைச் சுற்றி வழிந்து இறங்கியது.

என் கருவி எல்லா அளவும் சரி என்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவ்ளோ பாக்குறீங்களே சிஸ்டர்," என்றேன். "யார் வீட்டுப் பையன்?"

நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை.

"நான் பெத்ததுதான் சார்."