ஒரு சின்ன டச்சப்

குழந்தையின் முகத்தை டவலால் மூடிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தான் ஒரு பிளம்பர்.

"வெளியில ஒரே தூசிண்ணே. சளி பிடிச்சிடக் கூடாது."

போட்டோகிராபர் நம்பவில்லை. முப்பது வருஷமாக மனுஷ முகங்களோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். மறைக்கிற ஆளை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

டவல் விலகியது. அஞ்சு மாசப் பெண் குழந்தை. மேலுதடு ஒரு பக்கம் பிளந்து மூக்கு வரைக்கும் போயிருந்தது.

அவருக்குச் சுருக்கென்றது.

"பிறவியிலேயே இப்படித்தான். உள்ள அண்ணமும் பிளந்திருக்கு" என்றான் பிளம்பர், குழந்தைக்குத் தொப்பியைச் சரிசெய்தபடி. "நிமிர்த்தி உட்கார வச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பால் குடுக்கணும். முதல்லல்லாம் பாதிப் பால் மூக்கு வழியா வந்துடும். இப்ப நான் குடுத்தா ஒரு சொட்டு வீணாகாது."

பேச்சில் பெருமை வேறு. உள்ளுக்குள் அழுதுகொண்டு வெளியே வீறாப்பாகப் பேசுகிறான் என்று போட்டோகிராபருக்குத் தோன்றியது.

"போட்டோ எப்படி வேணும் தம்பி?"

"முகம் மட்டும். சிரிக்கிற மாதிரி. பெருசா ஃபிரேம் போட்டுக் குடுங்க. இன்னைக்கே வேணும்ணே, நாளைக்கு ஆகாது."

யாரோ சொந்தக்காரர்கள் வருகிறார்கள் போலிருக்கிறது. பாவம், என்ன அவசரமோ.

"கொஞ்சம் சைடுல எடுத்தா அவ்வளவா தெரியாது."

"நேராவே எடுங்க."

தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் வருமே, அந்தக் கொரகொர சத்தத்தை வாயாலேயே எழுப்பினான் பிளம்பர். அவ்வளவுதான். குழந்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க அந்தப் பிளவு இன்னும் அகலமானது. போட்டோகிராபர் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக கேமரா பட்டனைத் தட்டினார்.

"ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

அவன் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பரு, மச்சம், தொப்பை எல்லாம் அவர் கைபட்டால் காணாமல் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் ஒரு மாப்பிள்ளைக்குத் தலை நிறைய முடி முளைக்க வைத்தவர். அந்த மாமனார் இன்னும் ஏமாந்துகொண்டிருக்கிறார்.

உதட்டின் நல்ல பக்கத்தை நகல் எடுத்து, திருப்பி, மறுபக்கம் ஒட்டினார். மூக்கை நிமிர்த்தினார். வாயைக் கொஞ்சம் சிறிதாக்கினார். பெற்றவன் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பான்? நாமாகத்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்தபோது அவருக்கே கண் கலங்கியது. அப்படியொரு அழகு.

பிளம்பர் சொன்ன நேரத்துக்கு வந்தான். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தான்.

"போட்டோ மாறிடுச்சுண்ணே. இது வேற யாரோட குழந்தையோ."

போட்டோகிராபர் சிரித்தார். "உங்க பொண்ணுதான் தம்பி. நீங்க கேட்கக் கூச்சப்பட்டீங்க, நானா ஒரு சின்ன டச்சப் பண்ணினேன். இனிமே எவனும் ஒரு கேள்வி கேட்க மாட்டான்."

பிளம்பர் கோபப்படவில்லை. ஃபிரேமை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா இந்த முகத்தை நாளைக்கு டாக்டரே குடுத்துடுவாங்க. காலையில எட்டு மணிக்கு ஆபரேஷன். உதடு நல்லா சேர்ந்துடும்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கும் சந்தோஷம்தான்."

"அப்புறம் எதுக்குத் தம்பி இன்னைக்கே போட்டோ? ஒரு மாசம் பொறுத்து எடுத்திருக்கலாமே?"

அவன் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"நான் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள கால் வச்சதும் முகம் பூரா வாயா ஒரு சிரிப்பு சிரிப்பாண்ணே. நாளையிலேர்ந்து அந்தச் சிரிப்பை நான் எங்க போய்ப் பாக்கிறது?"