எட்டு மணி வெயில்

"அங்கயே குந்துடி. எழுந்தே, தெரியும் சேதி!"

மாதா கோயிலில் எட்டு மணிப் பூசை நடுவில் சவுரியம்மாள் மருமகளை அதட்டியது, பின்னால் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்துக்கு நன்றாகவே கேட்டது. அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் அமலோற்பவத்துக்குக் காது கொஞ்சம் கூர்மை.

மருமகள் கலையரசிக்கு இருபத்தாறு வயது. திண்டிவனம் பைபாஸில் லாரி மோதி புருஷன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் எப்போதும் வெள்ளைப் புடவைதான்.

ஃபேனுக்கு அடியில் பாய் காலியாகக் கிடக்கிறது. இந்தச் சித்திரை மாசத்தில், கிழக்கு ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில்தான் மூன்று வாரமாக மாமியார் அவளை உட்கார வைக்கிறாள்.

அந்த ஜன்னலுக்குப் புதுசாகக் கலர் கண்ணாடி போட்டிருந்தார்கள். நீல முக்காட்டில் மாதா, காலடியில் சிவப்பு ரோஜா, சுற்றிலும் மஞ்சள் கதிர். நீலம் வானம், சிவப்பு பாசம், மஞ்சள் மகிமை என்று ஃபாதர் பிரசங்கத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அமலோற்பவம் எங்கே கேட்டாள்? அவள் கண் முழுக்க மாமியார் மேலேயே இருந்தது.

பூசை முடிந்ததும் சவுரியம்மாளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, நீயும் ஒரு பொம்பளதானே? சின்னப் பொண்ணு. வெள்ளப் பொடவைய சுத்தி வுட்டது பத்தாதுன்னு வெயில்ல வேற காய வெக்கிறியே!"

"வெள்ளைய நான் கட்டச் சொல்லலம்மா. பீரோ நெறைய கலர் பொடவை அப்படியே கீது. கட்டுடின்னு கெஞ்சிக்கினுதான் இருக்கேன். நாலு பேர் பேசுவாங்கன்னு பயப்படுறா."

"அதுக்கு வெயில்ல குந்த வெப்பியா?"

"உள்ள பாரு."

எல்லோரும் எழுந்து வந்த பிறகும் கலையரசி மட்டும் அங்கேயே இருந்தாள். வெள்ளைப் புடவை முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளும் விழுந்து கிடந்தன. மடியில் விழுந்த சிவப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"நான் குடுத்தா கட்ட மாட்டேங்கிறா. மாதா போத்தி வுட்டா வேணான்னு சொல்லல."

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்க்கா. இந்தக் காலத்துல எவ பேசுவா? யாருக்குப் பயந்துக்கினு இப்படி இருக்குது இந்தப் பொண்ணு?"

சவுரியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு நாள் மஞ்சப் பொடவை கட்டிக்கினு வந்தா. 'அதுக்குள்ள மஞ்சளா'ன்னு இதே வாசல்ல நீதானேம்மா கேட்ட?"