தலைவரின் கடைவாய்ப்பல்

மனிதகுலம் தண்ணீருக்குச் செய்த பாவத்தை நமது நகராட்சி கழுவிவிட்டது என்று தலைவர் தணிகாசலம் மேடையில் முழங்கினார். தண்ணீரில் கலந்த மருந்துக் கழிவைத் தின்னும் நுண்துகள் போட்ட நகராட்சிக் குடிநீரைத் தாம் தினமும் நாலு செம்பு குடிப்பதாகவும் சொன்னார். மறுவாரம் அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது.

பல் டாக்டர் பர்வீன் ஊசியை எடுக்கவே இல்லை.

“அந்தத் தண்ணி குடிக்கிறவங்களுக்கு மரத்துப்போற ஊசி வேலை செய்யல சார். உடம்புக்குள்ள போயும் துகள் மருந்தைத் தின்னுடுது. காலையிலேர்ந்து ஏழு பேருக்கு மரத்துப்போகாமலேதான் பிடுங்கினேன்.”

உதவியாளர் நாற்காலியின் வாரை இறுக்கினார். வாசலில் நின்ற கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டுத் தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஊசி போடும்மா. நான் அதுல ஒரு சொட்டு குடிச்சதில்ல. வீட்ல மச்சான் கம்பெனி கேன் தண்ணிதான்.”

டாக்டர் ஊசி போட்டு, பத்து நிமிடம் கழித்து ஈறைக் குத்திப் பார்த்தார். அலறல் வாசல்வரை கேட்டது.

“தலைவர் உள்ளேயும் முழங்குறாரு” என்றார் ஒரு கட்சிக்காரர்.

இரண்டாவது ஊசிக்கும் அதே அலறல்தான். டாக்டர் குறடை எடுத்தார்.

மச்சான் கம்பெனிக்குக் கிணறு கிடையாது. கேன்களை நகராட்சிக் குழாயில்தான் பிடிக்கிறார்கள்.