சனிக்கிழமை பாலிஷ்

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட் முழுக்கப் பின்னால் சாய்ந்து கிடந்தது. வாத்தியார் கார் கதவைத் திறந்து பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்போதும் அந்தச் சீட்டில்தான் உட்காருவார், அதுவும் முதுகை நேராக வைத்துக்கொண்டு.

"இதுல யாரு உக்காந்து வந்தது?"

"யாரும் இல்லீங்க. கார் கழுவற கடையில உள்ள துடைக்கறப்போ சாய்ச்சிருப்பாங்க," என்றாள் மனைவி, காய்கறிப் பையை இறக்கிக்கொண்டே. "இன்னிக்கு வேக்ஸ் போட்டாங்க."

போன சனிக்கிழமை பாலிஷ் என்றாள். அதற்கு முந்தின வாரம் சீலன்ட் என்றாள். பரீட்சை ஹாலில் துண்டுச் சீட்டு பிடிப்பதில் பேர் எடுத்தவர் வாத்தியார். ஒரே கேள்விக்கு மூன்று பதில் வந்தால் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். பானெட்டில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். புழுதியில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். சனிக்கிழமை மட்டும்தான் அந்தப் பாட்டு. மற்ற நாட்களில் கண் சிவந்திருக்கும், எதைக் கேட்டாலும் எரிந்து விழுவாள். சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய்வந்தால் போதும், முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

சனிக்கிழமைகளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அவருடைய அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே தன் பங்குக்கு ஒரு குத்து குத்தினாள். "வாரா வாரம் ரெண்டு மணி நேரம் அந்தக் காருக்கு அப்படி என்னடா சிங்காரம்? கார் மினுங்கக் காணோம், அவதான் மினுங்கறா."

வாத்தியார் விரலில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை பிறந்து ஏழு மாசம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவளைக் கண்காணித்தார். ராத்திரியில் யாருடனாவது போனில் பேசுகிறாளா என்று விழித்திருந்து பார்த்துவிடத் தீர்மானித்தார். படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். அவர் சுபாவம் அப்படி, இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பிப் போய் அரை மணி கழித்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். தரையெல்லாம் சோப்பு நுரை. ரப்பர் பூட்ஸ் போட்ட கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வண்டி எங்க சார்?"

"வீட்ல இருக்கு. முதல்ல விவரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பாலிஷ், வேக்ஸ், சீலன்ட், இதுல எது நல்லது?"

"மூணும் வேற வேற வேலை சார். பாலிஷ் கீறலை எடுக்கும். எடுக்கறப்போ பெயிண்ட்டோட மேல் தோலையும் கொஞ்சம் உரிச்சிடும். வேக்ஸ் மேல பூசறது, பளபளப்பு அள்ளும், ஆனா வெயில்ல ரெண்டு மாசம் தாங்கினாலே பெரிசு. வெளியிலயே நிக்கற வண்டின்னா சீலன்ட் போட்டுடுங்க. ஆறு மாசம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேணாம்."

"வாரா வாரம் பாலிஷ் போட்டா?"

"கொஞ்ச நாள்ல தகரம்தான் சார் மிஞ்சும்." அவள் சிரித்தாள். "அப்படி யாரும் செய்ய மாட்டாங்க."

"வாரா வாரம் ஒரு சிவப்புக் கார் இங்க வருதாமே?"

சிரிப்பு நின்றது. கடைக்காரம்மா கையிலிருந்த துணியை உதறி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். "எத்தனையோ சிவப்பு வண்டி வரும் சார். எதைன்னு சொல்றது?"

அந்த முழி வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும். சட்டைக் கைக்குள் சீட்டை வைத்துக்கொண்டு முழிக்கிற முழி. அவள் கண் தப்பித்தவறிப் போன திசையில் அவரும் பார்த்தார்.

கடைக்கோடியில், சுவரோரம், அவர் வீட்டுக் கார். முன் கண்ணாடியில் வெயில் மறைப்பு வைத்திருந்தது. பக்கத்து ஜன்னல்களில் உள்ளிருந்து துண்டு தொங்கியது, கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு மட்டும் இறங்கியிருந்தது. சுற்றுவட்டத்தில் ஒரு வேலையாள் இல்லை. போன வாரம் அவர் போட்ட கோடு பானெட்டில் அப்படியே இருந்தது.

வாத்தியார் விறுவிறுவென்று நடந்தார். கடைக்காரம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அந்தப் பக்கம் போகாதீங்க சார்."

"உள்ள யாரு இருக்கா?"

"அது உங்களுக்கு எதுக்கு? விலை கேக்கத்தானே வந்தீங்க, ஆபீஸ் ரூம்ல வந்து உக்காருங்க."

"ஓகோ, நீங்களும் இதுக்கு உடந்தையா?" கோபமாகத்தான் கேட்க நினைத்தார், ஆனால் கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது. "நீங்க கதவைத் தட்டறீங்களா, நான் தட்டட்டுமா? நான் அவ புருஷன்."

கடைக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். வழியை மட்டும் விடவில்லை.

"அப்படின்னா உங்களுக்குத்தான் முக்கியமா சொல்லணும், மெதுவாப் பேசுங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "வாரத்துல இந்த ரெண்டு மணி நேரம்தான் அந்தப் பொண்ணு தூங்குது."